நான் போட்ட 2 எங்கே போனது?

யாழ்ப்பாண வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2019 ஜனாதிபதித் தேர்தலில் சிவாஜிலிங்கத்துக்கு 1 போட்டேன். போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளர் ஜனாதிபதியாகக் கூடாதென்று சஜித் பிரேமதாசவுக்கு 2 போட்டேன். அப்படியும் கோட்டாபய ராஜபக்ச வென்றுவிட்டார். 2 போட்டதால் என் முதல் வாக்கு பலமிழந்துவிட்டதா?"

இல்லை ஐயா. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் விரும்பும் வரிசைப்படி மூவருக்கு வரை 1, 2, 3 என்று எழுதலாம். உங்கள் 1 முழுசாக எண்ணப்பட்டது. 2-ஐ யாரும் பார்க்கவே இல்லை. முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் செல்லுபடியான வாக்குகளில் பாதியைத் தாண்டிவிட்டால் வேலை அத்தோடு முடிந்தது. கோட்டாபய பெற்றது 52.25 வீதம். எவரும் தாண்டாவிட்டால்தான் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்குவார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளில் அந்த இருவரில் எவருக்கு 2 இருக்கிறது என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் 3. 1982 முதல் எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவையே வரவில்லை. 2024-இல் அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தில் நின்றபோதுதான் முதன்முறையாக இப்படி எண்ணினார்கள்.

தேர்தலுக்கு முந்தின இரவு மாதிரிச் சீட்டோடு ஒழுங்கைக்குள் வருகிறவர்களை நம்பாதீர்கள். "2 போட்டால் 1 பாதியாகிவிடும்" என்பது அவர்கள் பரப்பும் பச்சைப் பொய். 2019-இல் ஓர் அம்மா என்னிடம் காட்டிய தாளில் ஒரு பெயருக்கு எதிரே தடித்த புள்ளடி (X), கீழே, "வேறொன்றும் எழுத வேண்டாம்."

புள்ளடி செல்லாதா? செல்லும். ஒரேயொரு புள்ளடி இருந்தால் அதை 1 என்றே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்குப் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். ஒன்றோடு நிறுத்தினால் வாக்கு செல்லும், ஆனால் 2-உம் 3-உம் சொல்லும் உரிமை போய்விடும். உங்களைப் போல ஒருவரைத் தடுக்க நினைப்பவருக்கு அந்த உரிமைதான் ஆயுதம். இத்தனை எளிய விஷயத்தை இத்தனை வருடமாக வீடுவீடாகச் சொல்லிக்கொடுக்காதது மன்னிக்க முடியாத அலட்சியம்.

"வாக்களிக்கவே போகாதே" என்பவர்கள் அதைவிட ஆபத்தானவர்கள். 2005-இல் யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1 வீதத்தைச் சற்றே தாண்டினார்கள். மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்தோடு, 180,786 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நீங்கள் அஞ்சிய மனிதரைப் பாதுகாப்புச் செயலாளராக்கியது அந்த வெற்றிதான்.

அடுத்த முறையும் விரும்பியவருக்கு 1 போடுங்கள். 2-உம் 3-உம், முதல் இரண்டு இடத்துக்குள் வரக்கூடியவர்களில் உங்களால் சகிக்க முடிந்தவர்களுக்கு. ஒரே இலக்கத்தை இருவருக்கு எழுதாதீர்கள். அஞ்சுகிறவரின் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் பேனா படவே வேண்டாம்.