இறுக்க உடை: ஓடும்போதா, ஓடி முடித்தா? - வாசகர் கேள்வி பதில்

ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக 21 கி.மீ. ஓடப் போகிறேன். கம்ப்ரஷன் டைட்ஸ் (இடுப்பிலிருந்து கணுக்கால் வரை காலை இறுக்கிப் பிடிக்கும் உடை) போட்டால் ஓடும் நேரம் குறையும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா?
- கும்பகோணம் வாசகர்

நேரம் குறையும் என்பதற்காக என்றால் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்குங்கள்.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தொடையும் ஆடுசதையும் குலுங்கும். இறுக்கமான துணி அந்தக் குலுக்கலைக் குறைக்கும், அது அளந்து பார்த்த உண்மை. குலுக்கல் குறைந்தால் களைப்பும் குறையும் என்று தாவியதில்தான் தவறு. 2017-ல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 17 ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் 30 நிமிடம் ஓடவிட்டார்கள், டைட்ஸ் போட்டு ஒருநாள், போடாமல் ஒருநாள். குலுக்கல் குறைந்தது. ஆனால் ஓட்டத்துக்குப் பிறகு கால் வலுவை அளந்தபோது இரண்டு நாளும் ஒரே அளவு களைப்புதான். ஆய்வுக்குப் பணம் தந்தது நைக்கி நிறுவனம். விற்கிறவர் காசிலேயே வந்த முடிவு இது.

பலன் ஓடி முடித்த பிறகு போட்டால்தான். நீண்ட ஓட்டத்தின் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சுமே, அந்த வலியை இது ஓரளவு குறைக்கிறது என்று பலர் உணர்கிறார்கள். அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. அந்த வலி அதிகம் வருவது இறக்கத்தில் ஓடும்போது. டெல்டா பாய் விரித்த மாதிரி சமதளம். ஆற்றுப்பாலம் ஏறி இறங்குவதுதான் நமக்கு மலை. இங்கேயே பழகிவிட்டு ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் போய் ஓடுகிறவர்களுக்கு டைட்ஸைவிட முக்கியம், முன்கூட்டியே வாரம் ஒருநாள் பாலத்தின் இறக்கத்தில் பத்துப் பதினைந்து முறை ஓடிப் பழகுவது.

புது ஆற்றங்கரையில் காலை 5 மணிக்கு ஓடுகிறேன். டைட்ஸ் போட்ட பிறகு தொடை இடுக்கில் அரிப்பு, வட்ட வட்டமாகத் தடிப்பு. துணி ஒத்துக்கொள்ளவில்லையா?
- தஞ்சாவூர் வாசகர்

வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து தடித்திருந்தால் பெரும்பாலும் படர்தாமரை. துணியைவிட ஈரம்தான் காரணம். ஆற்றோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், வியர்வை லேசில் ஆவியாகாது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதன்மேல் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நைலானைப் போர்த்தினால் சூடும் தங்கும், பூஞ்சையும் தங்கும். சித்திரை, வைகாசியில் முழு டைட்ஸோடு ஓட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மார்கழி, தை விடியலில் போடலாம்.

தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். அரிப்பு அடங்கிய மாதிரி இருக்கும், பூஞ்சை பரவும். குணமாகும் வரை டைட்ஸுக்கு விடுமுறை. பிறகு ஓடி முடித்ததும் கழற்றிக் குளித்து, தொடை இடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டுத்தான் வேறு துணி. ஓடும்போது உராயும் இடத்தில் வாஸ்லின் மெல்லிசாகத் தடவலாம். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டிகட்டியாகி அதுவே உராயும்.

எம் அளவு இறுகுகிறது, எல் அளவு கணுக்காலில் தளர்கிறது. எதை எடுப்பது? போடுவதே பெரும்பாடாக இருக்கிறது.
- மயிலாடுதுறை வாசகி

எல். கணுக்காலில் தளர்ந்தால் பலன் குறையும், அவ்வளவுதான். ஆடுசதையில் இறுகினால் அதற்குக் கீழே கால் வீங்கும்.

எம், எல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உயரம், எடையை வைத்து வாங்குவதும் குத்துமதிப்புதான். காலையில் எழுந்தவுடன், கால் வீங்குவதற்கு முன், டேப்பால் மூன்று இடம் அளங்கள்: கணுக்கால் எலும்புக்கு மேலே மிக ஒடுங்கிய இடம், ஆடுசதையின் மிகப் பருத்த இடம், நடுத்தொடை. பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அழுத்தம் மில்லிமீட்டர் பாதரசத்தில் போட்டிருக்கும். ரத்த அழுத்தம் 120/80 என்கிறோமே, அதே அலகு. ஓட்டக்காரர்களுக்கு 15-20 போதும். 20-30-க்கு மேல் மருத்துவர் சொல்லாமல் போட வேண்டாம். எண்ணே போடாத டைட்ஸ் என்றால் அது வெறும் இறுக்கமான பேன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன் கொலுசைக் கழற்றுங்கள். உள்ளே மாட்டினால் தோலில் பதிந்து புண்ணாகும். மெட்டி துணியின் இழையை இழுத்துவிடும். கழற்ற மனமில்லை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் டைட்ஸை வழுக்கி ஏற்றி, பிறகு பையை உருவி எடுங்கள். கால் ஈரமில்லாமல் இருக்கட்டும். இடுப்புப்பட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். கணுக்கால் வரை துணியைச் சுருக்கிப் பிடித்து, அங்கிருந்து விரல்விரலாக மேலே நகர்த்துங்கள். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டால் பிடி நழுவாது, நகமும் படாது. முழங்கால் மடிப்பில் சுருக்கம் நிற்கக் கூடாது. நீளம் மிஞ்சியதென்று மடித்துவிடவும் கூடாது. இரண்டு மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே அழுத்தமும் ஏறக்குறைய இரட்டிப்பாகி, கயிறு கட்டிய மாதிரி ஆகிவிடும்.

போட்டு பத்து நிமிடம் கழித்துக் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும். விரல் மரத்தாலோ, சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றுங்கள்.

வலி தைலம் தடவி மேலே டைட்ஸ் போடலாமா?
- நாகப்பட்டினம் வாசகர்

கூடாது. இறுக்கமான துணிக்கடியில் தைலம் தோலுக்குள் கூடுதலாக இறங்கி எரிச்சல், கொப்புளம் வரை போகும்.

எவ்வளவு நேரம் போட வேண்டும்? தூங்கும்போதும் போடலாமா? ஓட்டம் முடிந்து சென்னையிலிருந்து பஸ்ஸில்தான் ஊர் திரும்புவேன்.
- திருவாரூர் வாசகர்

குளித்து, உலர்ந்த வேறொரு ஜோடியை ஒரு மணி நேரத்துக்குள் போடுங்கள். படுக்கப்போகும் வரை இருக்கலாம். படுத்தால் கால் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது, ரத்தம் மேலேற உதவி தேவையில்லை. கழற்றிவிடுங்கள்.

பஸ் பயணத்துக்கு டைட்ஸைவிட முழங்காலுக்குக் கீழ் வரும் இறுக்கக் காலுறை நல்லது, பாதமும் மூடியிருக்க வேண்டும். ஆடுசதைக்கு மட்டும் போடும் ஸ்லீவ் கணுக்காலில் நின்றுவிடும். ஆறேழு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் பாதம் பன்னு மாதிரி உப்பும். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடங்கள்.

டைட்ஸ் வாங்க வசதியில்லை. மாற்று உண்டா?
- திருவையாறு வாசகர்

உங்கள் ஊரிலேயே உண்டு, ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில். தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 0.74 மி.மீ. பாதரசம் அழுத்தம் கொடுக்கும். படித்துறையில் 60 செ.மீ. ஆழத்தில் நின்றால் பாதத்தில் ஏறக்குறைய 44, முழங்காலுக்கு வரவரக் குறையும், நீர்மட்டத்தில் பூஜ்யம். கீழே அதிகம், மேலே குறைவு என்று டைட்ஸ்காரர்கள் மெனக்கெட்டு நெய்கிற கணக்கை ஆறு சும்மா தருகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

புஷ்ய மண்டபப் படித்துறை மாதிரிப் படிக்கட்டு உள்ள இடத்தில், ஆளோடு, படியை விட்டு இறங்காமல் நில்லுங்கள். கல்லணைக் கால்வாயில் இந்த வேலை வேண்டவே வேண்டாம், இழுப்பு ஆளைத் தூக்கும். காலில் கொப்புளம் உடைந்திருந்தாலோ, வெட்டு இருந்தாலோ ஆற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக எளிதில் நுழையும்.

அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு, தினமும் 5 கி.மீ. ஓடுகிறார். ஒரு கால் மட்டும் மாலையில் வீங்குகிறது. என் டைட்ஸைக் கொடுக்கலாமா?
- மன்னார்குடி வாசகி

கொடுக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்குவது ஓட்டக் களைப்பு அல்ல. சுருள் நரம்பாக (வெரிகோஸ் வெயின்) இருக்கலாம். யானைக்கால் நோய் வெகுகாலம் இருந்த பகுதி என்பதால் அதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். திடீரென்று வீங்கி, சூடாக, ஆடுசதை அழுத்தினால் வலித்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்கம் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்பே எந்த அழுத்த உடையும்.

இரண்டே மாதத்தில் பிடிப்பு போய்விட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
- பாபநாசம் வாசகர்

எப்படித் துவைக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! துவைகல்லில் அடித்தால், வெந்நீரில் ஊறப்போட்டால், பிளீச்சிங் கலந்தால், மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் உள்ளே இருக்கும், ரப்பர் மாதிரி இழுபடும் ஸ்பான்டெக்ஸ் இழை சீக்கிரம் செத்துப்போகும். ஒவ்வொரு முறை போட்ட பிறகும் பச்சைத்தண்ணீரில் லேசான சோப்பு, கையால் அலசல். முறுக்கிப் பிழியாமல் உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்துங்கள். நிழலில், கொடியில் குறுக்காகப் போடுங்கள். நுனியைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். இரண்டு ஜோடி வைத்து மாற்றிமாற்றிப் போட்டால் ஆறு மாதமாவது உழைக்கும். முன்பு மூன்று நிமிடம் போராடிப் போட்டது இப்போது லுங்கி மாதிரி ஏறினால் அதன் காலம் முடிந்தது. தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது.