வாசகர் கேள்வி–பதில்: வீட்டு அனுமதி விடுதிக்குச் செல்லுமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்களுக்குச் சொந்தமாக மாடி வீடு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் குடியேறிவிட்டதால், நானும் என் கணவரும் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு, மாடியிலும் அதற்கு மேல் புதிதாக எடுக்கவிருக்கும் தளத்திலும் கல்லூரி மாணவிகள், வேலைக்குச் செல்லும் பெண்கள் என 24 பேருக்குச் சாப்பாட்டுடன் விடுதி நடத்தலாம் என நினைக்கிறோம். வீட்டுக்கு வரைபட அனுமதி இருக்கிறது, தீர்வையும் பாக்கியில்லை. "சொந்த வீட்டில் நாலு பிள்ளைகளைத் தங்கவைக்க எதற்கு அனுமதி?" என்று கேட்கிறார் எங்கள் கொத்தனார். அவர் சொல்வது சரிதானா?
— ஒரு வாசகி, பெருமாள்புரம்

பதில்: சரியில்லை, அம்மா. பீரோவில் இருக்கும் அந்த வரைபடத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். அதில் உங்கள் கட்டடம் குடியிருப்பு என்றுதான் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு குடும்பம் வாழ்வதற்குரிய சமையலறை, கூடம், படுக்கையறை என்றே அறைகளுக்குப் பெயர் இருக்கும். உங்களுக்குக் கிடைத்த அனுமதி அந்தப் பயன்பாட்டுக்கு உரியதே தவிர, நான்கு சுவர்களுக்குள் எதை வேண்டுமானாலும் நடத்திக்கொள்வதற்கு உரியதன்று. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், புதிதாகக் கட்டுவதை மட்டுமல்லாமல், கட்டி முடித்த கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதையும் திட்ட அனுமதிக்கு உட்பட்ட செயலாகவே கருதுகிறது. ஆகவே ஒரு செங்கல்கூட வைக்காமல், இருக்கிற அறைகளில் கட்டில்களை மட்டும் போட்டு விடுதி தொடங்கினாலும் இந்தக் கேள்வி எழும். தேசியக் கட்டட நெறித்தொகுப்பும் குடும்ப வீட்டை ஓர் உட்பிரிவிலும், தங்கும் விடுதியையும் பலர் சேர்ந்து படுக்கும் கூடங்களையும் வேறு உட்பிரிவுகளிலும் வைத்திருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத 24 பேர் ஒரே கூரையின் கீழ் உறங்கும்போது படிக்கட்டு, வெளியேறும் வழி, கழிப்பறை, தண்ணீர் ஆகிய எல்லாவற்றின் கணக்கும் மாறிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம்.

விதிப்படி கட்டுவதாக உரிமையாளரே உறுதிமொழி தந்து அனுமதி பெறும், 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் உடனே அனுமதி வாங்கிவிடலாம் என்றும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு மட்டுமே உரியது. உங்களுடைய புதிய தளம் இரண்டாம் தளம் என்பதால் அது பொருந்தாது. பொருந்துகிற மனை வைத்திருப்பவர்கள்கூட, வீடு என்று சான்றளித்து வாங்கிவிட்டு மறுமாதமே விடுதிப் பலகை மாட்டினால், தாங்கள் கையெழுத்திட்ட உறுதிமொழியே தங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எனவே கம்பியும் சிமெண்டும் வாங்குவதற்கு முன்பே, சர்வே எண்ணையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குச் சென்று, முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) உங்கள் மனை எந்த நிலப் பயன்பாட்டில் வருகிறது, அங்கே விடுதிக்கு இடமுண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். அடுத்து, வீட்டுக்கு முன்னால் உள்ள தெருவை டேப் பிடித்து அளந்து பாருங்கள். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதைத் தெருவின் அகலமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பக்கத்தில் விட வேண்டிய இடத்திலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் குறை வைத்துவிட்டு மாடியை மட்டும் எழுப்பினால், பூட்டி முத்திரையிடும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. புகார் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். அதுவும், அவர்கள் வாசலில் ஸ்கூட்டிகள் வரிசையாக நிற்கத் தொடங்கிய நாளில்தான் வரும்.

திட்ட அனுமதியோடு வேலை முடிந்துவிடாது. உங்கள் விடுதி பெண்களுக்கானது என்பதால், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2014இன்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் கட்டாயம். விண்ணப்பத்தை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் பொதுக் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவை அதற்குத் தேவைப்படும். சமைத்துப் போடுவதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும்.

இவற்றுள் தீயணைப்புச் சான்றைத்தான் பலரும் வெறும் காகிதமாக நினைக்கிறார்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில், விடியும் முன்பே பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் உயிர்கள் பறிபோயின. வீட்டுக்கென்று கட்டிய மாடிகளில் ஒரே படிக்கட்டுதான் இருக்கும். அந்தப் படிக்கட்டின் அடியில் சிலிண்டரும், முதல் திருப்பத்தில் செருப்பு அலமாரியும், சன்னல்களில் திறக்க வழியில்லாத இரும்புக் கம்பியும் இருக்கும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பக்கம் நான் பார்த்த ஒரு விடுதியில், மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வார்டன் இடுப்பில் செருகியிருந்தார். பெண்களின் பாதுகாப்புக்காக என்றார். புதிய தளம் எடுக்கும்போதே வெளிப்புறமாக இரண்டாவது படிக்கட்டு ஒன்றை வைத்துவிடுங்கள் என்பது என் யோசனை. விதி அதைக் கேட்கிறதா என்று பொறியாளரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் விடுதிக்கு ஒரு தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. உங்கள் இருவரையும் சேர்த்து 26 பேருக்கு 3,510 லிட்டர். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி காலைக் குளியலுக்கே போதாது.

ஜி.எஸ்.டி. பற்றி அஞ்ச வேண்டாம். ஒருவருக்கு மாத வாடகை 20,000 ரூபாய்க்கு மிகாமலும், தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமலும் தங்கும் ஏற்பாட்டுக்கு 2024 ஜூலை முதல் விலக்கு உண்டு.

கேள்வி: சேரன்மகாதேவிக்கு அருகில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு நஞ்சை நிலம் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்காக அதில் விடுதி கட்டலாமா?
— ஒரு வாசகர், சேரன்மகாதேவி வட்டம்

பதில்: முதலில் அது விவசாய நிலம் என்ற நிலையிலிருந்து மாற வேண்டும். நகர் ஊரமைப்புக்கென அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள நிலமானால் அதற்கென்றே 2017இல் வகுக்கப்பட்ட விதிகள் இருக்கின்றன. நஞ்சைக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. ஊராட்சியில் ரசீது போட்டு வாங்கும் அனுமதி இதற்கு ஈடாகாது. கால்வாயில் தண்ணீர் வந்து, போகம் விளைகிற வயலுக்கு இசைவு கிடைப்பது கடினம்; கிடைக்கும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். ஊரை ஒட்டி, நத்தமாகவோ ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மனையாகவோ இருக்கும் இடத்தைத் தேடுங்கள். விலை சற்றுக் கூடினாலும் ஓராண்டு அலைச்சல் மிச்சமாகும்.