காஜாங் ரயில் ஏன் மண்ணுக்குள் இறங்குகிறது?

காஜாங் எம்ஆர்டி என்ற நகர ரயில் கோலாலம்பூருக்குள் ஏன் தரைக்கடியில் போகிறது, அதை எப்படித் தோண்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காஜாங் பக்கத்துச் செமினிக்காரன். கே.எல். போக வேண்டுமென்றால் காஜாங் வந்து இந்த ரயிலைத்தான் பிடிப்பேன்.

நகரின் முதல் சுரங்க ரயில் இது இல்லை. இன்று கிளானா ஜெயா தடம் என்கிறோமே, அது 1999இலேயே மஸ்ஜிட் ஜாமெக் முதல் அம்பாங் பார்க் வரை ஐந்து நிலையங்களைத் தரைக்கடியில் கடந்தது. காஜாங் தடத்தின் வேலை 2011 ஜூலையில் தொடங்கியது. மற்ற இடங்களில் ரயில் தூண்மேல் போகிறது, நகர் நடுவில் தூண் நட இடமேது? அதனால் செமந்தானுக்கும் மாலூரிக்கும் இடையே 9.5 கிலோமீட்டர் சுரங்கம், ஏழு நிலையங்கள். புக்கிட் பிந்தாங்கில் சாலை குறுகல் என்பதால் போகும் தடத்தையும் வரும் தடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டார்கள்.

பெரிய சோதனை மண்தான். கிழக்கே போகப் போக சுண்ணாம்புப் பாறை. பத்துமலையைப் பார்த்திருப்பீர்கள், அதே வகைப் பாறைதான் தெருவுக்கடியிலும் பொந்தும் குகையுமாகக் கிடக்கிறது. தோண்டும் எந்திரம் முன்னால் களிமண் குழம்பை அழுத்தித்தான் மண் சரியாமல் தாங்கும். பொந்து வந்தால் குழம்பு அதற்குள் ஓடிவிடும், மேலே சாலை உள்வாங்கும். அதற்காகவே குழம்பின் அடர்த்தியை இடத்துக்குத் தக்கபடி மாற்றும் எந்திரத்தை ஜெர்மனியின் ஹெரன்கினெக்ட் நிறுவனமும் நம் எம்எம்சி-கமூடா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. உலகத்திலேயே அந்த வகை எந்திரம் முதலில் இறங்கியது இங்கேதான். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2016 டிசம்பரில் முதல் பகுதி திறந்தது, 2017 ஜூலை 17இல் காஜாங் வரை வந்தது. அந்த மாதமே அம்மாவைக் கூட்டிப் போனேன். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். தாமான் பெர்தாமா தாண்டி ரயில் தலை குனிந்து இறங்கியதும் கண்ணாடியில் இருட்டு. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உளி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. செமந்தான் பக்கம் வெளிச்சம் வந்த பிறகுதான் விட்டார்.

தடத்தின் மறுகோடிப் பக்கம் குவாசா டமன்சாராவில் இறங்கினோம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய தோட்டத்து நிலம் அது. இந்தப் பக்கம் காஜாங்கும் மலாயாவில் முதன்முதலாக ரப்பர் நட்ட இடங்களில் ஒன்று. அதைச் சொன்னேன்.

"அப்போ தோட்டத்துல ஏறி தோட்டத்துலயே இறங்கியிருக்கோம்" என்றார்.

திரும்பும்போது சுரங்கத்தில் ஒவ்வொரு நிலையமாகப் பேரைச் சொல்லச் சொல்லி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். மாலூரியில் ஏழு சரியாக வந்தது.