புலமைப்பரிசில் வீடியோவுக்கு எந்தப் பாட்டு?

கேள்வி: மகள் உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் செய்தவள். வட இலங்கை சங்கீத சபையின் ஐந்தாம் தரமும் சித்தி. இந்திய அரசின் புலமைப்பரிசிலில் சென்னை போய் வாய்ப்பாட்டில் பட்டம் எடுக்க ஆசைப்படுகிறாள். விண்ணப்பத்தோடு அனுப்பும் வீடியோவுக்கென்று ஆசிரியை தோடி ராகத்தில் பெரிய கீர்த்தனை ஒன்றைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறா. அது சரியா? வேறென்ன ஆயத்தம் வேண்டும்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தோடி இப்போது வேண்டாம். ஆசிரியையின் நோக்கம் விளங்குகிறது, பெரிய ராகம் பாடினால் மதிப்புக் கூடும் என்று நினைக்கிறா. ஆனால் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காத சுரம். ஆடி ஆடித்தான் அது தோடியாகும். அந்த அசைவு தொண்டையில் படிய வருடங்கள் எடுக்கும். சில மாதங்களில் ஏற்றிய தோடி எவ்வளவு பச்சை என்பது கேட்பவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு, மூன்று வருடமாகப் பாடிக்கொண்டிருக்கும் கல்யாணியோ மோகனமோ கரகரப்பிரியாவோ இருக்குமே, அதை எடுக்கச் சொல்லுங்கள். தெரிவு செய்பவர்கள் தேடுவது கச்சேரிக் கலைஞரை அல்ல, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும் பிள்ளையை. சுருதி விலகாமல், காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், ஓடாமல் பாடினாலே பாதி வேலை முடிந்தது.

கச்சேரித் தொடக்கத்தில் பாடும் வர்ணத்தில் தொடங்குவது நல்லது, இரண்டு காலத்திலும், அதாவது இரண்டு வேகத்திலும். அட தாள வர்ணம் நன்றாகப் படிந்திருந்தால் அதையே பாடலாம். அந்தத் தாளத்துக்கு 14 அட்சரம், அதாவது எண்ணிக்கை: தட்டி விரல் எண்ணும் ஐந்தெண்ணிக்கை லகு இரண்டு, பிறகு தட்டி வீசும் இரண்டெண்ணிக்கைத் திருதம் இரண்டு. விரல் தடுமாறினால் வீடியோவில் அப்படியே தெரியும் என்பதால் சந்தேகம் இருந்தால் ஆதி தாளமே போதும். எதுவானாலும் தாளம் போடும் கை படத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்து மூன்று நிமிட ஆலாபனை, ஒரு கீர்த்தனை, நாலைந்து ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கற்பனாசுரம், அதாவது அந்த இடத்திலேயே கற்பனை செய்து பாடும் சுரம். சுரம் அவளுடையதாக இருக்கட்டும். மனப்பாடம் செய்த சுரக்கோர்வை நேர்முகத்தில் மாட்டிவிடும், 'இதே இடத்தில் இன்னொன்று பாடுங்கள்' என்றால் என்ன செய்வது?

பதிவுக்கு ஸ்ரூடியோ தேவையில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் கரையோர ரயில். ஞாயிறு விடியற்காலையில் எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை நெஞ்சு உயரத்தில், ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். சுருதிப் பெட்டியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தால் குரல் அமுங்கிவிடும். எக்கோ சேர்க்கவும் வேண்டாம், வெட்டி ஒட்டவும் வேண்டாம். ஒரே மூச்சில் எடுத்த பதிவில் சின்னப் பிசிறு இருந்தால் யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். நேர்முகம் ஸூமில் நடந்தால் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தம்புரா நாதத்தை இரைச்சலென்று நினைத்து ஸூமே வெட்டிவிடும், பிள்ளை சுருதியில்லாமல் பாடுவதுபோலக் கேட்கும்.

லட்சணத்தை, அதாவது இசை இலக்கணத்தை, விட்டுவிடாதீர்கள். பாடும் ராகத்தின் தாய் மேளம் (அது பிறந்த மூல ராகம்), ஆரோகணம் அவரோகணம், தாள அங்கம் இவற்றைக் கேட்டவுடன் சொல்ல வேண்டும். நன்றாகப் பாடும் பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

விண்ணப்பம் இந்தப் புலமைப்பரிசிலை நடத்தும் இந்திய கலாசார உறவுகள் பேரவையின் இணையத்தளம் வழியாகப் போகும். விருப்ப வரிசையில் ஐந்து நிறுவனங்கள் வரை தெரிவு செய்யலாம். பெயரைப் பார்த்து அடுக்காதீர்கள். உதாரணமாக, சென்னைக் கலாக்ஷேத்ராவின் நான்காண்டுப் படிப்பு டிப்ளோமா. மகளுக்கு வேண்டியது பட்டம், அதுவும் இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டம். ஆங்கிலத்தில் 500 சொற்களில் ஒரு கட்டுரையும் கேட்பார்கள். 'இசை தெய்வீகமானது' என்று தொடங்காமல், எந்த ராகத்தில் எது வசப்படவில்லை, அங்கே போய் எதைப் படிக்க நினைக்கிறாள் என்று எழுதட்டும். தமிழிலுள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்துவையுங்கள். கடவுச்சீட்டையும் இப்போதே பாருங்கள்.

இதை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். மருதனார்மடத்திலுள்ள யாழ். பல்கலைக்கழக இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்கும் மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் பல்கலைக்கழக விண்ணப்பத்திலேயே விருப்பம் தெரிவித்துவிடுங்கள். அங்கும் செயன்முறைத் தேர்வு உண்டு, இதே வர்ணமும் கீர்த்தனையும் உதவும்.