நாத்தனார் வர்றேன்னு சொன்னா வரட்டும்மா

கேள்வி: அக்கா, மாமியாருக்கு பக்கவாதம் வந்து எட்டு மாசமா படுக்கையில இருக்காங்க, நான்தான் பாத்துக்குறேன். தினமும் நாலு மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணி, இன்னைக்கு கத்தவே கூடாதுன்னு தீர்மானம் எடுக்குறேன், சாயங்காலத்துக்குள்ள கத்திடுறேன். நாத்தனார் சனிக்கிழமை வந்து பாத்துக்குறேன்னாங்க, கர்த்தர் எனக்கு பலம் தருவார் அண்ணி, நீங்க சிரமப்படாதீங்கன்னு சொல்லிட்டேன். பலம் வரலையே, என் விசுவாசத்துல குறையா?

பதில்: அன்பு தங்கச்சி, லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன். கோபம் எனக்குப் பெருசா படல, எட்டு மாசமா ஒரு ஆளைத் திருப்பிப் படுக்க வச்சு, துடைச்சு, கஞ்சி ஊட்டுற யாருக்கும் வரும். உறுத்தினது அந்த நாத்தனார் விஷயம்தான். கர்த்தரோட பலம்னு நீங்க சொல்றது உங்க சொந்த பலம்மா. தீர்மானம் எடுக்குறதும் நீங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு தாங்குறதும் நீங்க, அதுக்குக் கையெழுத்து மட்டும் ஆண்டவர்கிட்ட கேக்குறீங்க.

பைபிள்ல 1 இராஜாக்கள் 19 எடுத்துப் பாருங்க. கர்மேல் மலையில வானத்துல இருந்து அக்கினி இறங்கினதைப் பாத்த எலியா தீர்க்கதரிசிதான், யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, கூட இருந்த வேலைக்காரனையும் பெயெர்செபாவுல விட்டுட்டு தனியா வனாந்தரத்துக்குள்ள ஒருநாள் தூரம் நடந்து, சூரைச்செடி அடியில உக்காந்து, போதும் கர்த்தாவேன்னு சாவு கேக்குறார். வந்த தூதன் ஏன் அவிசுவாசமா பேசுறன்னு கேக்கவே இல்ல, தட்டி எழுப்பி சாப்பிடச் சொன்னார், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும். சாப்பிட்டு மறுபடி படுத்துட்டார், அதுக்கும் திட்டு விழல, ரெண்டாவது தடவையும் எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடுன்னார். அந்த சாப்பாட்டு பலத்துலதான் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேந்தார். அவருக்கு அடையா வந்த பலம் உங்களுக்கு அண்ணியா வந்துச்சு, நீங்க வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்க.

டோனாவூர்ல பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்தாங்க, 1951ல இறக்குற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளத்தவங்க, மத்தவங்க கையால பணிவிடை வாங்கிக்கிட்டாங்க. அது செய்யுறதை விட கஷ்டம்னு நான் நினைக்கிறேன்.

எங்க அப்பா கடைசி காலத்துல ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணாவது தடவையா பெட்ஷீட் நனைஞ்சுது. பாத்ரூம் தரையில உக்காந்து, ஆண்டவரே என்னால முடியலன்னேன், வேற வார்த்தை வரல. பெருசா ஒண்ணும் நடக்கல, அந்த ஒரு பெட்ஷீட்டை மாத்துற அளவு தெம்பு இருந்துச்சு, மாத்தினேன். காலையில பக்கத்து வீட்டு அக்கா காபி கொண்டுவந்தாங்க, வேண்டாம்னு சொல்லாம வாங்கிக் குடிச்சுட்டு அழுதேன். "என் கிருபை உனக்குப்போதும்"ன்னு பவுலுக்குச் சொன்ன வசனம் (2 கொரிந்தியர் 12:9) அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, மூணு தடவ வேண்டியும், தன் உடம்புல முள்ளுன்னு அவர் சொன்ன அந்த வேதனை போகலைங்கிறதும் சேத்து.

மாமியார்கிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க, பதில் பேச முடியாட்டியும் அவங்களுக்கு அது வேணும். அண்ணிக்கு இன்னைக்கே போன் போடுங்க. சனிக்கிழமை அவங்க வந்ததும் மாத்திரை டைமெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி பிரிட்ஜ்ல ஒட்டிட்டு, உள்ள போய் கதவைச் சாத்திட்டு தூங்குங்க.