குளிர்காலத்தில் அர்யெப்லோக்: முதலில் வீட்டைப் பிடியுங்கள்

கார் சோதனை வேலைக்காக ஜனவரியில் ஸ்வீடனின் அர்யெப்லோக் போகிறீர்கள், ஊர் எப்படி, போய் வீடு தேடினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, இப்போதே பிடியுங்கள். ஏரிகளையும் சேர்த்து 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நகராட்சி அது, ஆனால் மொத்தமே 3,000 பேர்கூட இல்லை. உறைந்த ஏரிகள்மேல் கார் ஓட்டிப் பார்க்க உலகெங்கிருந்தும் பொறியாளர்கள் வந்து குவிவதால், ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டையே வாடகைக்கு விடுகிறார்கள், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ரயில் கிடையாது. அர்விட்ஸ்யவுரில் விமானம் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையில் போக வேண்டும்.

குளிர் மைனஸ் 30 வரைகூடப் போகும். போனைச் சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் சார்ஜ் கண்முன்னே இறங்கும். அப்புறம், ஒரு விடுமுறை நாளில் அந்த ஊரின் வெள்ளிப் பொருள் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள், அந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களின் வெள்ளி நகைகள் அவ்வளவு அழகு.