பெரிய குமிழிப் பந்து வாங்கலாமா? மட்டக்களப்பில் இருந்து ஒரு பதில்

"ஊதினால் பிள்ளையின் நெஞ்சளவுக்கு வரும் அந்தக் குமிழிப் பந்து 5, 8 வயதுப் பிள்ளைகளுக்குத் தாங்குமா, கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா, இல்லை காசு வீணா" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எல்லோரும் அன்றைக்கே வெடித்துவிட்டது, வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒன்று ஓகஸ்ட் விடுமுறை முழுக்க நின்றது. கடற்கரை என்று நீங்கள் கேட்பதால் எங்களைப் போலக் கரையோரத்து ஆள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் சொல்லிவிடுகிறேன், இதை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. தம்பி சுவிஸில் இருந்து வரும்போது என் பிள்ளைகளுக்கு இரண்டு கொண்டுவந்தான், ஒன்று நீலம், ஒன்று பச்சை. "வெளிநாட்டுக் காசு இருந்தால் எதுவும் பேசலாம்" என்று கீழே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

பொதியைப் பிரித்தால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சுருங்கிய தோல்தான் இருக்கும். இது பலூன் ரப்பர் இல்லை, இழுத்த இழுப்புக்கு வருகிற ஒரு வகை இளகிய பிளாஸ்டிக் ரப்பர். கூடவே பெட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றும் வந்தது. பம்ப் இல்லாமல் விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம். சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள்: 80 சென்ரிமீற்றர் குறுக்களவுக்கு ஊதினால் உள்ளே போவது கிட்டத்தட்ட 270 லீற்றர் காற்று. எண்ணெய் பீப்பாயே 200 லீற்றர்தான். சைக்கிள் பம்ப் கொஞ்சக் காற்றை நல்ல அமுக்கத்தோடு தள்ளுகிற சாமான், இதற்கு வேண்டியது அமுக்கமே இல்லாத நிறையக் காற்று. கை ஓய்ந்துபோகும்.

பம்பின் மூக்கை அடைப்புக்குள் செருகுவது கொஞ்சம் கஷ்டம். எங்கள் அம்மா உடனே தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார். நான் விடவில்லை. இந்த வகைச் சாமான் எண்ணெயைக் குடித்து இளகிப் போகும். சவர்க்காரத் தண்ணீர் ஒரு சொட்டுப் போதும், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஊதி முடிந்ததும் பார்க்க வேண்டுமே, தொட்டால் வட்டிலப்பம் மாதிரி ஆடுகிறது, இந்தப் பக்கம் மகள் முகத்தை வைத்து அழுத்தினால் அந்தப் பக்கம் இருந்து பார்க்கிற எனக்குப் பச்சையாக ஒரு சப்பை மூக்கு தெரிகிறது. மேலே எறிந்தால் சாதாரணப் பந்தைப் போல விழாது, மெதுவாக, யோசித்து யோசித்து இறங்கும். அதற்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்ப எறிந்தார்கள். தம்பியும்தான்.

இனிக் கடற்கரை. இதற்குத்தான் இவ்வளவு நேரமும் எழுதினேன். ஓகஸ்டில் இங்கே கச்சான் காற்று. தெரியாதவர்களுக்குச் சொன்னால், அது மேற்கே நிலப்பக்கம் இருந்து கிளம்பிக் கடலை நோக்கி வீசுகிற சூட்டுக் காற்று. அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் கடல் குளம் கிடப்பதுபோல் அமைதியாக இருக்கும், பார்க்கிறவர்களுக்குப் பயமே வராது. தம்பி சுவிஸுக்குப் போய்க் கன காலம், காற்றின் திசையெல்லாம் மறந்துவிட்டான். "அக்கா, நீ பயப்பிடாத, நான் பிடிச்சிருக்கன்" என்று நீலப் பந்தை ஊதிய படியே ஆட்டோவில் அமுக்கி ஏற்றிக் கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தான். நான் வீட்டிலேயே சொன்னேன், அங்கேயும் சொன்னேன். பிள்ளைகள் இரண்டு பேரிடமும் தனியாகச் சொன்னேன்: பந்து கடலுக்குப் போனால் போனதுதான், ஒருவரும் பின்னால் ஓடக் கூடாது.

அவன் கையில் இருந்து மகனுக்கு ஒருதரம் எறிந்தான், அவ்வளவுதான். அந்த அகலத்துக்குக் காற்றுப் பிடிக்க, எடையோ ஒன்றும் இல்லை, மணலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அலைக்கு மேலால் ஏறிப் போய்விட்டது. மகன் ஓடத் தொடங்கினான். நான் அவனுடைய சட்டையைப் பின்னால் இருந்து பிடித்துவிட்டேன். அம்மா போட்ட சத்தத்தில் வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "விடு மனே! அது போகட்டும், விடு!" 2004 சுனாமிக்குப் பிறகு அம்மா அந்தக் கரைக்கு வருவதே அபூர்வம், பேரப்பிள்ளைகளுக்காக வந்தவர். பந்து கொஞ்ச நேரம் நீலமாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. தம்பி மட்டும் காற்சட்டையை மடித்துக்கொண்டு நீந்திப் பிடிக்கப் போகிறேன் என்று நின்றான். தோணிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, "தம்பி, அது இப்ப உங்களவிடக் கெதியாப் போகுது" என்றார்.

ஆகவே கடற்கரைக்கு வேண்டாம். பந்து போனதற்காகச் சொல்லவில்லை, பிள்ளை பின்னால் ஓடும் என்பதற்காகச் சொல்கிறேன். மாரியில் வாடைக் காற்று கரைக்குத்தான் அடிக்கும், அப்போது விளையாடலாமே என்று புத்திசாலித்தனமாகக் கேட்பீர்கள். அப்போது கடல் இருக்கிற நிலைக்கு நீங்களே கிட்டப் போகமாட்டீர்கள். காற்று இல்லாவிட்டாலும் மணல் மேட்டுப் பக்கம் இராவணன் மீசை என்கிற முள்ளுப் புல் நிற்கும், அதன் ஊசி போதும் கதையை முடிக்க.

பச்சைப் பந்தை நான் எடுத்துக்கொண்டேன். இனி இது என் பொறுப்பு என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். விறாந்தையிலும் கூடத்திலும் மட்டும்தான் விளையாட்டு, சீமெந்துத் தரையைக் கூட்டித் துடைத்த பிறகு. இந்தத் தோலில் ஒரு ஒட்டும் தன்மை இருக்கிறது, மணல், தலைமயிர், கோழி இறகு எல்லாம் பிடித்துக்கொள்ளும், மணலோடு உருட்டினால் அதுவே தோலைத் தேய்த்துவிடும். பின்னேரம் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி நிழலில் காயவைத்தோம். வெயிலில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கிற காற்றுச் சூடேறி விரிந்து, ஏற்கெனவே மெல்லிய தோலை இன்னும் இழுக்கும். பெட்டியில் போட்டிருக்கிற அளவை விடக் கொஞ்சம் குறைவாகவே ஊதினேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை, "பெரிசா இருந்தாத்தானே அக்கா பம்பல்" என்றான். அவனுடைய பெரிசு எங்கே போனது என்று கேட்டேன்.

இதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்னகா, அடுத்த வருசம் ஸ்கொலர்ஷிப் எழுதுற பிள்ளைய இப்பிடிப் பந்துக்குப் பின்னால விட்டிருக்கிறாய்?" என்றார். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளை அது. பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை அறநெறி முடிந்ததும் மாதிரி வினாத்தாள், விடுமுறை வந்தால் விடுமுறைக் கருத்தரங்கு. ஐந்தாம் வகுப்பில் ஸ்கொலர்ஷிப் என்கிற ஒரு புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவதற்காக அந்தப் பிள்ளைகளின் பின்னேரம் முழுவதையும் பிடுங்கிவிட்டோம். பள்ளிக்கூட மைதானமோ விடுமுறைக்குப் பூட்டுப் போட்டபடி. பிறகு பிள்ளை போனோடு இருக்கிறான் என்று நாங்களே புலம்புகிறோம். நான் படிப்புக்கு எதிரான ஆள் இல்லை, எங்கள் வீட்டிலும் வகுப்புக்குப் போகிறார்கள். விடுமுறையில் கொஞ்ச நாள் சிரித்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் அந்த அக்காவுக்கும் சொன்னேன். அவருடைய மகளும் பிறகு வந்து விளையாடினாள், அதை அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

சரி, உங்கள் பிள்ளைகளுக்கு வருவோம். 8 வயதுக்கு வாங்கலாம். 5 வயதுக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும். வெடித்தால் பெரிய துண்டுகளாகக் கிழியும், அந்தத் துண்டை வாயில் வைக்கிற வயது அது. அமெரிக்காவில் சாதாரண பலூன் பொதியிலேயே 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூச்சடைக்கலாம் என்று எச்சரிக்கை போட வேண்டும் என்பது சட்டம். சின்னவருக்கு மாமாங்கக் கோயில் திருவிழாக் கடைகளில் வலைப்பையில் தொங்குகிற பிளாஸ்டிக் பந்தே போதும், அது வருடக் கணக்கில் கிடக்கும். இன்னொன்று, ஆளே உள்ளே புகுந்து தண்ணீரில் நடக்கிற பெரிய பந்து ஒன்று இருக்கிறது, என் மகனும் கேட்டான். இது அது இல்லை. அதை வைத்து வாவியில் விளையாடலாம் என்ற யோசனையே வேண்டாம், உள்ளே காற்று முடிந்துபோகும், பிள்ளையால் தானாகத் திறந்து வெளியே வரவும் முடியாது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே 2011இல் அதைப் பற்றி எச்சரித்தது.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோகாதீர்கள், டியூப் ஒட்டுகிற பசை இதில் பிடிக்காது, நாங்கள் பார்த்தாயிற்று. விளையாடி முடிந்ததும் பம்பில் இருந்து பெட்டரியைக் கழற்றி வையுங்கள், நம்முடைய உப்புக் காற்றுக்குத் தகடு பச்சை பிடித்துவிடும். வளவில் எலுமிச்சை மரம் நின்றால் அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு ஊதத் தொடங்குங்கள். எங்கள் பச்சைப் பந்து கடைசியில் போனது அந்த முள்ளில்தான், அதுவும் தம்பி கதவைத் திறந்து வைத்த அன்றைக்கு.